சின்னராசு அர்த்தம் தேடிய உலக்கைப் பாட்டு

ஆலங்காயத்தில் ஜீப் ஏறும்போது சின்னராசுவின் மனதில் ஒரு யோசனைதான் இருந்தது. மலை ஏற ஏற, வளைவுக்கு வளைவு அது குலுங்கி, ஊறி, பொங்கி, மேலே வந்து இறங்கும்போது தீர்மானமாகக் கெட்டிப்பட்டிருந்தது. அந்த ஜீப்பில் அன்றைக்கு அவ்வளவு கூட்டம். டிரைவர் தேவராஜே பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுத்தான் ஓட்டினார். அந்த நெரிசலிலும் கசங்காமல் வந்த தீர்மானம் அது.

இனிமேல் தன் வீட்டில் அர்த்தமில்லாத பாட்டு ஒரு வரிகூடக் கேட்கக் கூடாது.

பலாப்பழம் விற்கப் போன இடத்தில் வந்த வினை. கோயில் மைதானத்தில் யாரோ ஒருவர் சால்வை போட்டுக்கொண்டு மைக்கில் பேசினார். "அர்த்தமில்லாத பாட்டு உயிரில்லாத உடம்பு! பாட்டுக்குள்ளே பொருள் வேண்டும்! அந்தப் பொருளுக்குள்ளே இன்னொரு பொருள் வேண்டும்!" என்றார். கூட்டம் கைதட்டியது. சின்னராசு கொஞ்சம் பொறுத்து, யார் யார் தட்டுகிறார்கள், எதற்காகத் தட்டுகிறார்கள் என்று நாலு பக்கமும் பார்த்து உறுதி செய்துகொண்டு, எல்லோரும் நிறுத்திய பிறகு தனியாகத் தட்டினார்.

அவர் சுபாவம் அப்படி. கோழி முட்டை போட்டால் சந்தோஷப்படமாட்டார். "நேத்து போடல, இன்னிக்கி எதுக்குப் போட்டுச்சு?" என்று கேட்பார். காவலூரில் உருண்டைக் கட்டடம் கட்டி நட்சத்திரம் பார்க்கிறார்கள் என்று அவர் மலையான புதூர்நாடு முழுக்க நம்பியபோது அவர் ஒருவர்தான் நம்பவில்லை. "நட்சத்திரத்த எங்க வூட்டு மாடுகூடத்தான் பாக்குது. அதுக்கு எதுக்கு அத்தாம் பெரிய கொழா? என் மரத்துல பலா பழுத்துச்சா இல்லியான்னு பாக்குறானுங்க" என்று சொல்லி, பலாமரத்துக்குக் கோணிச் சாக்கில் மறைப்பு கட்டியவர்.

பேர் சின்னராசு. வீட்டுக்கு வெளியே அந்தப் பேர் அப்படியே இருந்தது. வீட்டுக்குள்ளே போனால் 'ராசு' தானாக வாசலில் நின்றுவிடும்.

அன்றைக்கும் வாசலுக்கு வந்தவர் உள்ளே போகவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே அவர் பெண்டாட்டி மாதம்மாளும் பக்கத்து வீட்டு ரஞ்சிதமும் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். உரல் வீட்டுக்குள்ளே நடுவில் பதித்தது. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட வேண்டும். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். அதற்குப் பாட்டு உண்டு.

*ஏலக்கா தோலக்கா டும்மா டும்*
*எங்கக்கா வந்தக்கா டும்மா டும்*
*சீலக்கா சோலக்கா டும்மா டும்*
*சிம்மக்கா கும்மக்கா டும்மா டும்*

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பாட்டுதான். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. பாட்டு முடிகிற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நிறுத்துங்கடி!"

உலக்கை இரண்டும் நின்றன.

"இன்னாங்க, பலாப்பழம் வித்துச்சா?" என்றாள் மாதம்மாள்.

"பலாப்பழம் கெடக்குது. இந்தப் பாட்டுக்கு இன்னா அர்த்தம்?"

"எந்தப் பாட்டுக்கு?"

"இப்ப பாடிக்கினு இருந்தீங்களே."

"அதுவா? அது பாட்டுங்க."

"பாட்டுன்னு எனுக்கும் தெரியுது. அர்த்தம் இன்னா?"

"ஒலக்க மேல போவும்போது ஏலக்கா. கீழ வரும்போது டும். அவ்ளோதாங்க. கேக்க நல்லாருக்குது, கையும் வலிக்கல."

"எங்கக்கா வந்தக்கான்னு பாடுனியே, எந்த அக்கா வந்தா?"

"எந்த அக்காவும் வரலீங்க."

"வந்தான்னு பாட்டே சொல்லுது! எதுக்கு வந்தா? நான் வூட்ல இல்லாத நேரம் பாத்து இன்னாத்துக்கு வந்தா?"

ரஞ்சிதம் குறுக்கே வந்தாள். "வந்தா மாமா, ஒரு சொம்பு தண்ணி குடுத்து அனுப்பிச்சிட்டோம். வுடுங்க."

ரஞ்சிதத்துக்கு அவர் மாமன் முறை. கிண்டலுக்கு உரிமை உண்டு. உரிமையைத் தாண்டி ஒரு பழைய கணக்கும் உண்டு. ரஞ்சிதம் நிறைமாதமாக இருந்தபோது அவள் புருஷன் வடிவேலு ஒரே ஒரு நாள் உலக்கை பிடித்துவிட்டான். அதைப் பார்த்த சின்னராசு சும்மா இருக்கவில்லை. உலக்கை தொட்ட ஆம்பிளைக்கு மீசை உதிரும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்புறம் வடிவேலுவை எங்கே பார்த்தாலும், முதலில் மேலுதட்டைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் "சௌக்கியமா மச்சான்?" என்று கேட்பார். வடிவேலு ஒரு வருஷம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே நடமாடினான்.

"சரி, அந்த டும் யாரு முதுவுல வுழுது?" என்றார் சின்னராசு.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஞ்சிதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அது போதும் அவருக்கு. தொண்டையைக் கனைத்து, சால்வை இல்லாத குறைக்குத் துண்டைத் தோளில் விரித்துக்கொண்டு, மைதானத்தில் கேட்டதை அப்படியே சொன்னார். உயிரில்லாத உடம்பு, பொருளுக்குள்ளே பொருள், எல்லாம். கடைசியில், "இந்த வூட்ல இனிமே அர்த்தம் இல்லாத பாட்டு கூடாது" என்று முடித்தார்.

"சரிங்க" என்றாள் மாதம்மாள்.

சின்னராசுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாள் முதல் அவர் சொன்ன எதற்கும் அவள் முதல் பேச்சிலேயே 'சரிங்க' சொன்னதில்லை.

"இன்னாடி சரிங்க?"

"நீங்க சொன்னா சரிதாங்க. அர்த்தமுள்ள பாட்டா ஒண்ணு நீங்களே சொல்லுங்க, அத்தப் பாடிக்கினு குத்துறோம்."

சின்னராசு கண்ணை மூடி யோசித்து ஒரு வரி சொன்னார்: "வாழ்க்கை என்பது நிலையில்லாதது, வந்தவர் எல்லாம் போவது உறுதி."

மாதம்மாள் அதைப் பாடிக்கொண்டு உலக்கையைத் தூக்கினாள். 'நிலையில்லாதது' முடிவதற்குள் உலக்கை கீழே வந்துவிட்டது. 'போவது உறுதி'க்கு ரஞ்சிதத்தின் உலக்கை வரவே இல்லை. இரண்டாம் முறை பாடும்போது மாதம்மாள் உலக்கையை நட்டுவைத்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாடி நின்னுட்ட?"

"அர்த்தத்த யோசிச்சிக்கினு இருக்கறங்க. நெசமாவே போறது உறுதிதானுங்களே? அப்புறம் எதுக்குங்க சாமை குத்தணும்?"

சின்னராசு தான் கேட்ட பேச்சை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார். மைதானத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ரஞ்சிதம் தன் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். "எக்கா, பாட்டு இல்லாத ஒரலுக்கு நான் வரமாட்டேன். யாரு ஒலக்க எப்ப வுழுதுன்னு தெரியாது. என் மூக்கு எனக்கு வேணும்." வாசல் தாண்டும்போது சின்னராசுவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் சாமைச் சோறு நின்றது. காலையில் கேழ்வரகுக் களி. மதியம் களி. சாயங்காலம் மதியத்தில் மிஞ்சிய களி. சின்னராசு ஒவ்வொரு உருண்டையையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார்.

களியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனி மாதம் மாரியம்மன் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பெரிய கூடை சாமையரிசி கோயிலுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தான் பொங்கல். கூடையை வீட்டுத் தலைவன் தலையில் சுமந்து போவான். பெண்கள் பின்னால் பாடிக்கொண்டு வருவார்கள். கீழே ஊரில் மெஷினில் அரைத்துக் கொண்டுவந்தால் பூசாரி வாங்கமாட்டார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்ப்பார். மெஷின் அரிசி என்றால் கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவார். வருஷா வருஷம் முதல் கூடை சின்னராசுவுடையது. இந்த வருஷம் அவர் வெறுந்தலையோடு போனால், துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்து சிரிக்க வடிவேலு காத்திருந்தான்.

"சாமை இன்னாடி ஆச்சு?"

"குதிர்ல இருக்குதுங்க."

"குத்தலியா?"

"ஒத்த ஒலக்கையில எப்பங்க குத்தி முடிக்கிறது? ரஞ்சிதம் வரமாட்டேங்குறா. வேற யாரக் கூப்ட்டாலும் பாட்டு உண்டான்னு கேக்குறாங்க."

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. மாடு கழுவ ஓடைப் பக்கம் போனவர், துணி துவைக்கிற பெண்கள் கூட்டத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே துணி கல்லில் விழுகிற சத்தம் டும்மா டும் என்று கேட்டது. வாயைத் திறந்து யாரும் பாடவில்லை. மூக்கால் முனகினார்கள். அவரைப் பார்த்ததும் முனகல் நின்றது. தாண்டிப் போனதும் சிரிப்பு கிளம்பியது.

சின்னராசு மாட்டோடு அப்படியே நின்றார். ஒரு பாட்டைக் கேட்டு இத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்றால் அதில் அர்த்தம் இல்லாமல் எப்படி இருக்கும்? இருக்கிறது. ஆழமாக இருக்கிறது. அதில் தன் பேரும் இருக்கிறது. ஏலக்கா என்பது யார்? கும்மக்காவில் கும்முவது யாரை?

மறுநாளே இருக்கிற பலாவில் நல்லதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஆலங்காயம் இறங்கினார். அங்கே கூத்து வாத்தியார் பாண்டுரங்கன் இருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்குத் தெரியாத பாட்டு இன்னும் பிறக்கவில்லை என்று பேர்.

பாண்டுரங்கன் முதலில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் பாட்டைக் கேட்டார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சின்னராசு சொன்னார். "இன்னொரு வாட்டி." அதையும் சொன்னார். வாத்தியாரின் தலை ஆடியது. விரல்கள் பலாப்பழத்தின் முதுகில் தாளம் போட்டன.

"அடடா! டும்மா டும்முல வந்து எறங்குது பாரு. யாரு கட்டுனது?"

"அத்த வுடு வாத்தியாரே. அர்த்தம் இன்னா?"

"அர்த்தம் இல்லப்பா."

"மேலால இல்ல, உள்ளார?"

"உள்ளாரயும் இல்ல. தாளம் இருக்குது. அது போதாதா?"

"அது எப்பிடிப் போதும்? பாட்டுன்னா பொருள் வேணும்னு மைக்குல சொன்னாங்களே."

பாண்டுரங்கன் சிரித்தார். "நான் ராசா வேஷம் கட்டிக்கினு பாடுறேன். எதுர்ல இருக்கிறவன்ல பாதி பேருக்கு நான் பாடுறது புரியாது. எனக்கே பாதி புரியாது. மத்தளக்காரன் அடிச்சான்னா நான் ஆடுறேன். நான் ஆடுனா ஊரு முழிச்சிக்கினு இருக்குது. அர்த்தம் வேணுங்கிறவன் வூட்டுக்குப் போயி யோசிச்சிக்கட்டும். ஒருத்தனாவது வந்து அர்த்தம் புரியல, காசத் திருப்பிக் குடுன்னு கேட்டிருப்பானா?"

பேசிக்கொண்டே பலாப்பழத்தில் அடித்துக்கொண்டிருந்தார். டும்மா டும். டும்மா டும். சின்னராசு தற்செயலாகக் கீழே பார்த்தார். அவருடைய வலது கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. முறைத்தார். நின்றது. பார்வையைத் திருப்பினார். மறுபடியும் ஆடியது.

சொந்தக் கட்டைவிரலே பெண்டாட்டி பக்கம் சேர்ந்துவிட்டது!

திரும்பும் வழியெல்லாம் அவர் அந்தக் காலோடு பேசவில்லை. பாண்டுரங்கனைப் பற்றியும் அவருக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. இவ்வளவு பெரிய வாத்தியாரே இல்லை இல்லை என்று மறைக்கிறார் என்றால், அர்த்தம் கிணற்று ஆழம். பழத்தையும் வாங்கிக்கொண்டு மறைக்கிறாரே!

வீட்டுக்கு வந்ததும் மாதம்மாளை உட்காரவைத்தார்.

"உண்மையச் சொல்லு. அந்தப் பாட்டுல அர்த்தம் இருக்குதா இல்லியா?"

மாதம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சாமை நிறைந்திருந்த குதிர்ப் பக்கம் பார்த்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்து கிடந்த இரண்டாவது உலக்கையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இருக்குதுங்க."

சின்னராசுவின் மீசை நிமிர்ந்தது. "பாத்தியா! எனுக்கு அப்பவே தெரியும். சொல்லு."

"சொல்லக் கூடாதுங்க."

"ஏன்?"

"பாட்டோட கடசி அடியிலதாங்க அர்த்தம் வரும். குதிர்ல இருக்கிற கடசிப் படியக் குத்தும்போதுதான் கடசி அடி பாடணும். முன்னாடி சொன்னா ஆத்தா கோச்சுக்கும்."

"சரி, ரஞ்சிதத்தக் கூப்பிடு. பாடிக் குத்துங்க. நான் மறஞ்சி நின்னு கேட்டுக்குறேன்."

"கேக்கறவங்களுக்குப் புரியாதுங்க. ஒலக்க புடிச்சவங்களுக்குத்தான் புரியும். அதான பொருளுக்குள்ள பொருளுன்னு நீங்க சொன்னது?"

சின்னராசு யோசித்தார். மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். வடிவேலுவின் துண்டு கண்முன் வந்தது.

"ஆம்பிள ஒலக்க புடிக்கிறதா?"

"வாணாங்க, வாணாங்க. ஊருக்குத் தெரிஞ்சா உங்க மானம் இன்னா ஆவறது? அர்த்தம் தெரியாட்டி போவட்டும். தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க? ஊர்ல பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும், அதுவே போதும்."

அந்தக் கடைசி வார்த்தை போய் நெஞ்சில் குத்தியது. சின்னராசு எழுந்தார். வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். உச்சி வெயில். ஊர் முழுக்க விதைப்புக்குப் போயிருந்தது. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அந்த நாய் யார் வீட்டு நாய் என்று விசாரித்துத் தெளிந்த பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டார். சன்னலுக்குக் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார்.

"குடுடி ஒலக்கைய."

முதலில் பாட்டு இல்லாமல் முயன்று பார்த்தார். இரண்டு உலக்கையும் அந்தரத்தில் மோதிக்கொண்டன. அடுத்தது உரல் விளிம்பில் பட்டுத் தெறித்து, ஒரு படி சாமை கூரைக்குப் போய்வந்தது. மூன்றாவது அவருடைய அந்த வலது கால் கட்டைவிரலை ஒரு மயிரிழையில் தவறவிட்டது. அதற்கு அது வேண்டியதுதான் என்று அவருக்கே தோன்றியது.

"பாட்டு இருந்தாதாங்க கை சேரும்" என்றாள் மாதம்மாள். ஆரம்பித்தாள்.

*ஏலக்கா தோலக்கா டும்மா டும்…*

அவ்வளவுதான். உலக்கைக்குக் கண் திறந்தது போல ஆனது. இவர் தூக்கும்போது அவள் போட்டாள். அவள் தூக்கும்போது இவர் போட்டார். யாரும் யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உரலில் உமி பூவாகப் பறந்தது. ஒரு ஈடு முடிந்தது. மாதம்மாள் முறத்தில் அள்ளிப் புடைத்துவிட்டு, குதிரிலிருந்து அடுத்ததைக் கொட்டினாள்.

"அர்த்தம் வந்துச்சா?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னும் இல்லீங்க. வந்துக்கினே இருக்குது."

அடுத்த ஈட்டிலும் கேட்டார். "குதிர்ல பாதி எறங்கிடுச்சுங்க. அர்த்தமும் பாதி வழி வந்திருக்கும்" என்றாள்.

அதற்கு அடுத்த ஈட்டில் அவர் கேட்கவில்லை. தானும் கூடவே முனகினார். பிறகு வாய் திறந்து பாடினார். அப்புறம் என்ன நடந்ததென்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஓர் இடத்தில் மாதம்மாள் மூச்சு வாங்க நிறுத்தினாள். பாட்டு அறுந்துவிடக் கூடாதே என்று சின்னராசு தானாகவே ஓர் அடியை எடுத்துவிட்டார்.

*பலாக்கா கிலாக்கா டும்மா டும்!*
*பல்லக்கா கில்லக்கா டும்மா டும்!*

"இதுக்கு இன்னாங்க அர்த்தம்?" என்றாள் மாதம்மாள்.

"அர்த்தமாவது மண்ணாவது! போடுடி ஒலக்கைய!" என்று கத்தினார் சின்னராசு. அவர் குரலுக்குக் கூரையில் இருந்த பல்லி இடம் மாறியது. வாசலில் மேய்ந்த கோழிகள் தெருவுக்கு ஓடின. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றைக்குத்தான்.

குதிர் காலியானதும்தான் அவருக்கு நினைவு வந்தது.

"அய்யய்யோ! கடசி அடி?"

மாதம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த பயபக்தியோடு பாடினாள்.

*ஏலக்கா தோலக்கா டும்மா டும்.*

சின்னராசு காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை.

"இது மொத அடியாச்சே."

"கடசி அடியும் அதாங்க."

"அர்த்தம்?"

மாதம்மாள் மலைபோலக் குவிந்திருந்த சாமையரிசியைக் கூடையில் அள்ளிப்போட்டுக்கொண்டே, "உங்களுக்குப் புரியலீங்களா? அப்ப எனுக்கும் புரியலீங்க" என்றாள்.

சின்னராசு கோபப்பட வாயெடுத்தார். முடியவில்லை. மூச்சு இல்லை. கூடையைப் பார்த்தார். நிறைந்திருந்தது. உள்ளங்கையைப் பார்த்தார். கொப்புளம் கொப்புளமாகப் பூத்திருந்தது. போகட்டும், ஏமாந்தது ஏமாந்ததுதான். முதல் கூடை தன்னுடையது. மானம் காப்பாற்றப்பட்டது. கதவு சாத்தியிருந்தது, சன்னலில் சாக்கு. பெண்டாட்டியைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்தார். தவிடு அப்பியிருந்ததே ஒழிய, ஒன்றும் உதிரவில்லை.

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர் தன் தொண்டையைச் சந்தேகப்படவில்லை. கதவைச் சாத்தினாரே தவிர வாயைச் சாத்தவில்லை. அவர் பாட்டு விதைப்புக் காடு வரைக்கும் போயிருந்தது.

பொங்கலன்று சின்னராசு புது வேட்டி கட்டி, கூடையைத் தலையில் ஏற்றி, எல்லோருக்கும் முன்னால் நடந்தார். கொப்புளம் தெரியாமல் இருக்கக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். வடிவேலு அவர் கையைப் பார்த்தான். பிறகு குனிந்து, மிக நிதானமாக, அவர் மேலுதட்டைப் பார்த்தான். "சௌக்கியமா மாமா?" என்றான்.

சின்னராசு தலைக் கூடையோடு பூசாரி முன்னால் போய்க் குனிந்தார். பூசாரி சாமையைத் தேய்த்து ஊதிப் பார்த்து, "கைக்குத்தல்தான். இந்த வருஷம் குத்து கொஞ்சம் பலமா வுழுந்திருக்குது, சாமை ஒடஞ்சிருக்குதே" என்றார்.

அப்போதுதான் பின்னால் பெண்கள் பாட்டை எடுத்தார்கள். முன்னால் நின்று எடுத்துக் கொடுத்தவள் ரஞ்சிதம். மெட்டு அதே மெட்டு.

*பலாக்கா கிலாக்கா டும்மா டும்*
*பல்லக்கா கில்லக்கா டும்மா டும்*

சின்னராசுவின் தலையில் கூடை ஆடியது. அது அவர் சொந்த அடி. இந்த உலகத்தில் அவர் ஒருவர் வாயிலிருந்து மட்டும் புறப்பட்ட அடி!

*கதவச் சாத்திக் குத்துனாரு டும்மா டும்*
*கடசி அடியத் தேடுனாரு டும்மா டும்*
*மீசையெல்லாம் தவிடு ஒட்டி டும்மா டும்*
*மேமூச்சு வாங்குனாரு டும்மா டும்*
*குதிரு காலி ஆன பின்னே டும்மா டும்*
*குனிஞ்சி பாத்தா அர்த்தமில்லே டும்மா டும்!*

ஊர் குலுங்கிச் சிரித்தது. இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சின்னராசு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மடியில் இருந்த குழந்தைக்குக்கூட ஒவ்வொரு வரியும் புரிந்தது. வடிவேலு தோள் துண்டை எடுத்து, பெரிய மனதோடு அவரிடம் நீட்டினான். "வாயப் பொத்திக்குங்க மாமா. ஒரு வருசம் தாங்கும்."

கோயிலைச் சுற்றி மூன்றாவது தடவை அந்தப் பாட்டு வந்தபோது சின்னராசு மெதுவாகப் பின்தங்கி, மாதம்மாள் பக்கம் ஒதுங்கினார்.

"ஏன்டி, இது யாரு கட்டுன பாட்டு?"

"நான்தாங்க. நீங்கதான சொன்னீங்க, இனிமே அர்த்தம் இருக்கிற பாட்டுதான் பாடணும்னு. ஒரு அடி வுடாம அர்த்தம் வச்சிக் கட்டியிருக்கறேன். நல்லாருக்குதுங்களா?"

"இத்த நிறுத்தச் சொல்லுடி. அந்தப் பழைய பாட்டையே பாடச் சொல்லு. ஏலக்கா தோலக்கா… இன்னா அழகான பாட்டு!"

"அதுல அர்த்தம் இல்லீங்களே."

"அர்த்தம் எதுக்குடி பாட்டுக்கு? தாளம் போதாதா? பாண்டுரங்க வாத்தியாரே சொன்னாரு."

மாதம்மாள் சற்று யோசிப்பதுபோல நின்றாள். பிறகு சொன்னாள்: "பாடலாங்க. ஆனா பழைய பாட்டுக்கு ரெண்டு ஒலக்க வேணும். ரஞ்சிதத்துக்குக் கைக்கொழந்த இருக்குது, பாவம். இனிமே நம்ம வூட்ல ரெண்டாவது ஒலக்கைக்கு ஒரு நிரந்தர ஆளு இருந்தா, நான் சொல்லி இந்தப் பாட்டு இன்னியோட நின்னுடும்."

பெண்கள் நாலாவது சுற்றுக்குத் திரும்பினார்கள். 'மீசையெல்லாம் தவிடு' நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னராசு கண்ணைச் சுருக்கி, பெண்டாட்டி முகத்தை இடமும் வலமும் ஆராய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இதுல ஏதாச்சும் உள்ளர்த்தம் இருக்குதாடி?"

"சத்தியமா இல்லீங்க" என்றாள் மாதம்மாள். "நாளையிலேர்ந்து ஒலக்க உங்களுது, அவ்ளோதான் அர்த்தம்."